கதவுக் கீல் என்று நினைத்தேன்

அன்புள்ள மகனுக்கு,

சலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். கடைசி வரி வரை படித்தபிறகு பதில் சலாம் சொல்ல உனக்கு மனசு வருமா என்று தெரியவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் பாதியில் மடித்து வைத்துவிடாதே. போன வெள்ளிக்கிழமை நான் சிதம்பரம் வந்து உன் அறையில் உட்கார்ந்திருந்தேனே, அது இதை நேரில் சொல்வதற்காகத்தான். கல்யாணச் சட்டைக்கு அளவு கேட்க வந்தேன் என்று சொன்னது பொய். கடலூரில் ரயில் ஏறியதிலிருந்து முதல் வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பரங்கிப்பேட்டை தாண்டும்வரைகூடச் சரியாகத்தான் இருந்தது. நீ எனக்கு டீ வாங்கிவந்து வைத்தாய். உன் டம்ளரை நீ இடது கையால் எடுத்துக் குடித்தாய். பிறகு ஆபீசுக்குக் கிளம்பும்போது சட்டைப் பித்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்து, கழுத்துப் பித்தானை மட்டும் அப்படியே விட்டுவிட்டாய். அதைப் பார்த்தபிறகு, இத்தனை வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாமல் பேசியே பிழைக்கிறவன், உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்து வந்துவிட்டேன்.

எழுத வைத்தது உன் கல்யாணப் பத்திரிகைப் பட்டியல். அதற்கு முன்பு நீ ஊருக்கு வந்திருந்தபோது நம் வீட்டுக் கூடத்தில் நீயும் நானும் உட்கார்ந்து யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று எழுதிக்கொண்டிருந்தோம். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண் வீட்டார் பட்டியல் முடிந்து, நம் பக்கத்தில் முதல் பெயராக உன் மாமாவின் பெயரை நான் எழுதினேன். உன் அம்மாவின் உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். நீ என் கையிலிருந்து பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்தாய். கோபமாகக்கூட இல்லை, கணக்குப் பாடத்தில் தப்பு விடையை அடிப்பது போல நிதானமாக அடித்தாய்.

"அந்தாளு வந்தா நான் பந்தல்ல உக்காரமாட்டேன் அத்தா. அம்மா இருந்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாய்.

ஒன்பது வருடமாகப் பேசாமல் இருந்து பழகியவனுக்கு அன்றைக்கு மட்டும் புதிதாகப் பேச்சு எங்கிருந்து வரும்? ஆனால் நீ போட்ட அந்தக் கோட்டைப் பார்த்தபிறகு இனியும் மறைக்க முடியவில்லை. உன் வலது முழங்கை மடங்காமல் போனதற்கு உன் மாமா காரணமில்லை. நான்தான் காரணம். அந்தக் கோடு என் பெயர்மேல் விழுந்திருக்க வேண்டியது.

உனக்குத் தெரிந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பொய் எங்கே கலந்தது என்று உனக்குப் புரிய வேண்டும். உனக்குப் பதிமூன்று வயது. முழுப் பரீட்சை லீவுக்குப் புவனகிரியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தாய். சைக்கிளின் முன் கம்பியில் உன்னை உட்கார வைத்து வெள்ளாற்றங்கரைமேல் அவர் ஓட்டிக்கொண்டு போனார். கரையில் மண் சரிந்திருந்த இடத்தில் சக்கரம் வழுக்கி நீ கையை ஊன்றி விழுந்தாய். முழங்கை மூட்டு விலகிவிட்டது. இவ்வளவும் உண்மை. வலியில் நீ பாதி மயங்கிவிட்டாய், இதற்குப் பிறகு அவர் செய்ததை யாரும் உனக்குச் சொல்லவில்லை. தோள் துண்டால் உன் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, உன்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்து, நெல் ஏற்றிப்போன ஒரு லாரியைக் குறுக்கே நின்று நிறுத்தியிருக்கிறார். சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கு நீ போய்ச் சேர்ந்தபோது விழுந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே மயக்கம் கொடுத்து மூட்டைச் சரியாக உட்கார வைத்தார்கள். நான் கடலூரிலிருந்து பதறிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நீ மாவுக்கட்டோடு ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாய். உன் மாமாதான் சுவரோரம் குந்தி அழுதுகொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கு உள்ளே நானும் மாமாவும் இருந்தோம். நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். டாக்டர் சின்னப் பையன் போல இருந்தார், மீசைகூட அடர்த்தியாக முளைக்கவில்லை. மூட்டு நன்றாக உட்கார்ந்திருக்கிறது, கை விறைப்பாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"இனிமே அவனே மடக்கட்டும், அவனே நீட்டட்டும். எவ்வளவு வருதோ அவ்வளவு போதும். நீங்க யாரும் புடிச்சு இழுக்கக் கூடாது. எண்ணெ தேய்க்கவே கூடாது."

வாசலுக்கு வந்ததும் மாமா என்னிடம், டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல மச்சான் என்று கேட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. உடற்கூறு பாடம் நடத்துகிற வாத்தியாருக்கு நெல் வயல் பார்க்கிறவர் ஞாபகப்படுத்துவதா என்று இருந்தது. இந்த வாத்தியார் புத்தியைப் பற்றி உன் அம்மா வாழ்நாள் முழுக்க என்னைக் கேலி செய்தாள். கேலி செய்ததோடு விட்டிருக்கக் கூடாது.

அந்தப் பாடத்தை நான் எப்படி நடத்துவேன் என்று உனக்குத் தெரியும், நீயும் என் வகுப்பில் இருந்தவன்தானே. அசையும் மூட்டுகள் என்று போர்டில் எழுதுவேன். தோள் மூட்டுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையும் ரப்பர் பந்தும் எடுத்துப் போவேன். சிரட்டைக்குள் பந்தை வைத்து எல்லாப் பக்கமும் உருட்டிக் காட்டி, இதுதான் பந்துக் கிண்ண மூட்டு என்பேன். முளை மூட்டுக்குத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கேட்டால் இல்லை என்கிறாயே, அதுதான் என்பேன். பையன்கள் சிரிப்பார்கள். கட்டைவிரல் அடியில் இருப்பது சேண மூட்டு, அது இல்லாவிட்டால் பேனா பிடிக்க முடியாது. மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவுவது வழுக்கு மூட்டு. கடைசியாகக் கீல் மூட்டு. முழங்கையும் முழங்காலும். அதற்கு ஒரு துருப்பிடித்த கதவுக் கீலைப் பையில் வைத்திருப்பேன். ஒரு பையனைக் கூப்பிட்டு மடக்கச் சொல்வேன், வராது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நானே வாங்கி, நாலு தடவை பலமாக இழுத்து மடக்கி நீட்டுவேன். கீல் சுலபமாக ஆட ஆரம்பிக்கும். வகுப்பு முழுக்கக் கை தட்டும். வருடா வருடம் வாங்கிய அந்தக் கைதட்டல்தான், தம்பி, உன் கையைக் கெடுத்தது.

அதே பாடத்தின் கடைசிப் பத்தியில், அசையும் மூட்டுக்குள்ளே வழவழப்பான ஒரு நீர் தானாகவே ஊறிக்கொண்டிருக்கிறது என்று இருக்கிறது. அதையும் நான் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். பரீட்சையில் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். உயிருள்ள மூட்டுக்கு வெளியிலிருந்து யாரும் எண்ணெய் விட வேண்டாம் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை.

கட்டுப் பிரித்த மறுநாளே ஆரம்பித்தேன். விடியற்காலையில் பஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் விளக்கெண்ணெயைச் சுடவைப்பேன். உன்னைப் பாயில் உட்கார வைத்து, முழங்கைக்கு மேலே ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து மடக்குவேன். பிறகு நீட்டுவேன். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒரு விரற்கடையாவது அதிகம் வரவேண்டும் என்று எனக்கு நானே கணக்கு வைத்திருந்தேன். டாக்டர் தேய்க்கச் சொன்னார் என்று உன் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவள் உன் தலையை மடியில் சாய்த்து, ஒரு துண்டை உன் பல்லுக்கு நடுவில் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாளி நிறைய மணல் போட்டு, அதை வலது கையில் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றிவரச் சொல்வேன். கை நீளுமாம். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது.

ஒரு நாள் காலை, எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் வருவதைப் பார்த்ததுமே நீ எழுந்து மூலையில் போய் நின்றாய். அழவில்லை. "இன்னைக்கி ஒரு நாளு மட்டும் வேணாம்த்தா" என்றாய். நான் உன்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கதவுக் கீல் கதையைச் சொன்னேன். துரு விடுகிறவரைக்கும் வலிக்கத்தான் செய்யும் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தேன். முழங்கை வீங்கியிருந்தது, தொட்டால் சுட்டது. சூடு ஏறினால் இளகுகிறது என்று நினைத்தேன். நாளுக்கு நாள் மடங்குவது குறைந்துகொண்டு வந்தது. நான் இன்னும் பலமாக அழுத்தினேன். நாற்பத்தொரு நாள் இப்படிப் போயிற்று. பாசத்தில் செய்தேன் என்பதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. பாசம் இருந்தது உண்மை. ஆனால் அதில் பாதிக்குமேல், எனக்குத் தெரியும் என்கிற திமிர்.

ஒரு நாள் மாமா உன்னைப் பார்க்க வந்தார். கையைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. கூடத்தில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். மறுநாள் அவரே நம்மை சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனார். அதே டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, முழங்கைக்கு முன்னால் சதை இருக்க வேண்டிய இடத்தில், போர்டில் சாக்பீஸைத் தேய்த்தது போல ஒரு வெள்ளை இருந்தது. அடிபட்ட சதையை ஓயாமல் கசக்கினால் அது தாங்காமல் எலும்பாகவே மாறிவிடும் என்று டாக்டர் சொன்னார். மடங்குகிற இடத்துக்குக் குறுக்கே உன் உடம்பே ஒரு எலும்பை வளர்த்துவிட்டது. மற்ற மூட்டுகளுக்கு ஒன்றும் இல்லை. உள்ளங்கையைத் திருப்புகிற முளை மூட்டு பிழைத்தது, மணிக்கட்டு பிழைத்தது. அந்த ஒன்றுதான் பூட்டிக்கொண்டது.

"யாராச்சும் எண்ணெ போட்டு இழுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் தலையை அசைத்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வகுப்பில் காட்டுவேனே, அதே மாதிரி. அப்படியானால் விழுந்தபோதே சதை ரொம்ப நசுங்கியிருக்கும் என்று அவர் தாளில் எழுதிக்கொண்டார். அவர்மேல் குற்றமில்லை, ஒரு வாத்தியார் பொய் சொல்வார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மாமா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் உனக்கு நுங்கு வாங்கிக் கொடுத்து நிழலில் உட்கார வைத்துவிட்டு அவர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இந்தக் குடும்பம் பிழைத்திருக்கும்.

"அக்காகிட்ட நான் விழ வச்சதாலதான்னு சொல்லிடுங்க மச்சான். அவுங்க ஒங்கமேல வெறுப்பானா குடும்பம் நிக்காது. எம்மேலன்னா நாலு நாளு பேசமாட்டாங்க, அப்புறம் சரியாப்போயிடும்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே எனக்குள் பாரம் இறங்கிவிட்டது. நீயே பார், எவ்வளவு கேவலமான நிம்மதி அது. வீட்டுக்கு வந்ததும், விழுந்த அடிதான் காரணமாம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். எம்புள்ளைய முடமாக்கிட்டானே பாவி என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுததை நீ அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். உன் மாமா மேல் உனக்கிருந்த பாசமும் அன்றைக்கே முடிந்தது.

நாலு நாள் என்றார் அவர். ஏழு வருடம் ஆயிற்று. அந்த ஏழு வருடத்தில் உனக்கு என்னென்ன ஆயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நானும் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பது உனக்குத் தெரியட்டும். மங்கலம்பேட்டைக் கல்யாணத்தில் நாலு பையன்களாகச் சேர்ந்து ஒரு சகனைச் சுற்றி உட்கார்ந்தீர்கள். எல்லோரும் ஒரே தட்டில் கை போடுகிற இடத்தில் உன் வலது கை வாய்வரை வரவில்லை. நீ இடது கையை நீட்டினாய். யாரோ ஒரு பெரியவர், சகன்ல இடது கைய வைக்காத என்று சத்தம் போட்டார். நீ எழுந்துவிட்டாய். மாமா தனித் தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்தார். அவர் கையால் வேண்டாம் என்று நீ பட்டினியாகவே திரும்பினாய். ரயில்வே வேலைக்கு உடம்பு பரிசோதனையில், கையை மடக்கு என்றார்கள், அதோடு முடிந்தது. பெருநாள் தொழுகையில் என் பக்கத்தில்தான் நிற்பாய். எல்லோருடைய கையும் காதுவரை உயரும்போது உன் ஒரு கை பாதி வழியில் நின்றுவிடும். நான் தொழுகையில் என்ன ஓதினேன் என்று எனக்கே தெரியாது. மெட்ராஸில் காட்டினோமே, அந்தப் பெரிய டாக்டர் நரம்புக்கு ஆபத்து என்று அறுக்க மறுத்துவிட்டதும் உனக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்து நீ மாமாவைத்தான் சபித்தாய்.

உன் அம்மாவின் கடைசி வாரத்தில் நீ மருந்து வாங்கப் புதுச்சேரி போயிருந்த நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு மத்தியானம் உன் மாமா வந்தார். வாசற்படி ஏறாமல் வெளியே வெயிலில் நின்றார். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. உன் அம்மா படுத்தபடியே யாரு என்று கேட்டாள். ஒன் தம்பி என்றேன்.

"எம்புள்ள கை மடங்கட்டும். அன்னைக்கி அவன உள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

சத்தமாகத்தான் சொன்னாள், அவர் கேட்கட்டும் என்றே. அவளுக்கும் அவருக்கும் நடுவில், கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு வாக்கியம் போதும். நான்தான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அந்த அக்காவும் தம்பியும் அன்றைக்குச் சேர்ந்திருப்பார்கள். நோயில் இருப்பவள் மனசைக் கலக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நியாயமில்லை, பயம். சாகப் போகிறவள் என்னை வெறுத்துக்கொண்டே போய்விடுவாளோ என்ற பயம். அவர் பையை வாசலில் வைத்துவிட்டு, சலாம் சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாள் அவள் மவுத்தாகிவிட்டாள். தன் தம்பி ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரியாமலே போனாள். இதற்கு இனி நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

கப்ரில் இறக்கும்போது நெருங்கிய ஆண்கள்தான் இறங்க வேண்டும். உன் கையால் முடியாது. நான் இறங்கினேன். உன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நீ அவருக்குக் குறுக்கே நின்று, நீங்க எறங்க வேணாம் என்றாய். கூட்டமே பார்த்தது. அவர் மடித்த வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டு பின்னால் போனார். உள்ளே நின்றுகொண்டு நான் நிமிர்ந்து பார்த்தேன். தூரத்துச் சனங்களோடு சனமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய அக்காவை வேறு யாரோ தூக்கிக் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இப்போது ஏன் சொல்கிறாய் என்று நீ கேட்பாய். பட்டியலில் நீ அடித்த கோடு ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. போன மாதம் பள்ளிக்கூடப் படியில் இறங்கும்போது கால் பிசகி முழங்காலில் நல்ல அடி. வீங்கிவிட்டது. பக்கத்து வகுப்பு வாத்தியார் நல்ல மனுஷர், தைலத்தோடு வந்து உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்துக்குங்க சார் என்று காலைப் பிடித்து ஒரு தடவை மடக்கினார். நான் கத்திவிட்டேன். அவர் கையைத் தட்டிவிட்டேன், கோபத்தில் என்னென்னவோ பேசியும்விட்டேன். பாவம், அவர் முகம் சுண்டிப்போயிற்று. அவர் போனபிறகு தனியாக உட்கார்ந்து அழுதேன். ஐம்பது வயதுக்காரனால் ஒரே ஒரு தடவை தாங்க முடியாததை, பதிமூன்று வயதில் நீ நாற்பத்தொரு நாள் தாங்கியிருக்கிறாய். அதுவும் அத்தா நல்லதுக்குத்தான் செய்கிறார் என்று நம்பிக்கொண்டு.

அந்தப் பாடத்தை இன்றும் நடத்துகிறேன், நடத்தித்தான் ஆக வேண்டும். பந்தும் சிரட்டையும் எடுத்துப் போகிறேன். கீலை விட்டுவிட்டேன். இந்த வருடம் ஒரு பையன் எழுந்து, முழங்கை கதவு மாதிரியா சார் என்று கேட்டான். அவன் அண்ணன் என்னிடம் படித்தவனாம், சொல்லியிருக்கிறான். கதவுக்கு வலிக்காதுடா, உட்கார் என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குத் தகப்பன் புத்திமதி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனாலும் என் தப்பிலிருந்து வருகிற இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள். நாளை உனக்கும் பிள்ளை பிறக்கும். அது வேண்டாம் என்று சொன்னால், நீ எவ்வளவு படித்தவனாக இருந்தாலும், எவ்வளவு நல்லதுக்குச் செய்வதாக இருந்தாலும், கையை எடுத்துவிட்டு ஏன் என்று கேள். உடம்பு யாருடையதோ அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. இன்னொன்று, வரப்போகிற பெண்ணிடம் ஒரு பொய் சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரிக்குள் சொல்லிவிடு. மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் அதற்குமேல் இன்னொரு பொய் வந்து உட்காரும். நான் வைத்தேன், வைத்துக்கொண்டே வந்தேன், உன் அம்மா கண்ணை மூடும்வரை வைத்தேன். அவள் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். இரண்டு மாதம் பேசாமல் இருந்திருப்பாள், சோற்றில் உப்புப் போடாமல் வைத்திருப்பாள். பிறகு மன்னித்திருப்பாள். அந்த வாய்ப்பை நான் அவளுக்குக் கொடுக்கவே இல்லை.

உன் கையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. உன் அம்மாவுக்கு அவள் தம்பியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. உனக்கு உன் மாமாவை மட்டும்தான் திருப்பிக் கொடுக்க முடியும், அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் தடுத்துவிடுவார். சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. பத்திரிகையைத் தபாலில் போடாதே. நீயே கொண்டுபோய் அவர் கையில் கொடு. இந்தக் கடிதத்தையும் காட்டு. ஒங்க அத்தா மனசு ஒடஞ்சு போய் என்னென்னவோ எழுதறாரு, என்னாலதான் நீ விழுந்த என்று அவர் அப்போதும் சாதிப்பார். நம்பாதே.

அவர் உன் பந்தலுக்கு வர வேண்டும். நான் வரலாமா என்பதை அவரைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுது. வேண்டாம் என்று எழுதினாலும், ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன் அத்தா